பாயசத்தில் முந்திரி

மலைமேல் இருக்கும் குரு இளவேனியின் மடத்தில் சண்டையே வராது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். விறகு பிளப்பது யார் முறை, மாட்டை அவிழ்த்துவிட்டது யார், அடுத்தவர் துண்டில் முகம் துடைத்தது யார், எல்லாவற்றுக்கும் அங்கே சண்டை உண்டு. பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

நன்னனும் சாத்தனும் போட்ட சண்டை மட்டும் மூன்று நாளாகியும் தீரவில்லை.

இருவரும் அறுபதை நெருங்கியவர்கள். குருவைவிட மூத்தவர்கள். நரைத்த தாடியோடு அவரை "அம்மா" என்று அழைப்பதில் அவர்களுக்குக் கூச்சமில்லை. குருவுக்கும் இல்லை. நன்னன் அரண்மனையில் ஆண்டுக் குறிப்பு எழுதும் வேலை பார்த்தவர். சாத்தன் செங்கல் சூளையில் உழைத்தவர். மடத்துக்கு வந்த பிறகு ஒருவர் வெற்றிலையை மற்றவர் மடித்துக் கொடுக்கும் அளவுக்குச் சிநேகிதம். நன்னன் வேடிக்கைக் கதை ஏதாவது தொடங்கினால், கதை முடியும் முன்பே சாத்தன் சிரித்துவிடுவார். கதையைக் கெடுத்துவிட்டாரே என்று நன்னன் கோபித்துக்கொள்வார். ஆனால் அவர் கதை சொல்வதே அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான்.

நன்னன் செவலர். சாத்தன் கரியர்.

அந்த நாட்டில் அப்படி இரண்டு இனம். செவலர், மலைக்கு அப்பாலிருந்து எப்போதோ வந்த சிவந்த மேனியர். கரியர், ஆற்றங்கரையிலேயே இருந்த கறுத்த மேனியர். வைத்தியர், சந்தை, வயல் எல்லாம் அக்கரையில். கடக்க ஓர் ஓடம். செவலர் எல்லோரும் கடந்து முடித்த பிறகுதான் கரியர் ஓடத்தில் கால்வைக்கலாம் என்பது வழக்கம். ஒரு நாள் அரசன், ஓடம் இனி உச்சிப்பொழுதோடு நிற்கும் என்று ஆணையிட்டான். துறை ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். போர் மூண்டது. வெளியிலிருந்து யாரும் வரவில்லை. சொந்த நாட்டான் சொந்த நாட்டானை வெட்டிக்கொண்ட போர் அது. ஓய்ந்தபோது அரசனும் இல்லை, வழக்கமும் இல்லை, ஓடமும் எரிந்துபோயிருந்தது.

சில வருடம் கழித்து இப்போது புது ஓடம் கட்டியிருந்தார்கள். துறையில் இரண்டு இனத்துக்கும் பொதுவாக ஒரு புதுச் சந்தை தொடங்கவிருந்தது. செத்தவர்களுக்காக ஒரு நடுகல்லும் தயார். போர் ஏன் வந்தது என்று கல்லில் இரண்டு வரி வெட்ட வேண்டும். அதை எழுதித் தரும் பொறுப்பை, ஒரு செவலர் ஒரு கரியர் என்று பார்த்து, இந்தச் சிநேகிதர்களிடம் ஒப்படைத்தார்கள். வரி ஒத்துவராவிட்டால் ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு சந்தை என்று இரண்டு தரப்பும் முன்பே சொல்லிவிட்டன.

நல்லெண்ணத்தில்தான் ஒப்படைத்தார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

கடைசியில் இருவரும் குருவிடம் வந்தார்கள். குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க," என்றார் நன்னன். "ஓடம் எப்போ நிக்கணும்னு முடிவு பண்றது அரசனா, துறை ஊர்க்காரங்களா? இந்த அதிகாரத் தகராறுலதான் போர் வந்துச்சு. அரண்மனைக் குறிப்புல என் கையாலயே எழுதியிருக்கேன்."

"எழுதினது உம்ம கைதான் ஓய், அதை யாரு இல்லேன்னா?" என்றார் சாத்தன். "ஓடம் மத்தியானம் நின்னா உமக்கு என்ன? வெயில் ஏறுறதுக்குள்ள நீர் அக்கரையில இருப்பீர். நீங்க எல்லாரும் போய் முடியத்தான் மத்தியானம் ஆகும். அதோட நின்னா எங்களுக்கு ஓடமே இல்லையே! போர் வந்தது நிறத்தால. வேற எதாலயும் இல்ல."

"வழக்கம் இருந்துச்சு. நான் இல்லேங்கல. ஆனா அதால யாரும் கஷ்டப்பட்டு நான் பாக்கல. கொஞ்சம் காத்திருக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானேயாம்!" சாத்தன் குருவைப் பார்த்தார். "கேட்டீங்களா அம்மா?"

"வாழ்நாள் பூரா அந்தத் துறையில போய் வந்தவன் நான். எனக்குத் தெரியாதா?" என்றார் நன்னன்.

குரு கீரைக்காம்பை ஒதுக்கி வைத்தார்.

"கல் என்னைக்கு நடுறாங்க?"

"அடுத்த வாரம் அம்மா."

"இன்னைக்குப் பௌர்ணமி. கீரன் பாயசம் வைக்கிறான். முதல்ல சாப்பிடலாம்."

போரைப் பற்றிக் கேட்டால் பாயசத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று நன்னனுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் நாக்கில் நீர் ஊறியது. மறைக்க முடியாமல் ஒருமுறை விழுங்கிக்கொண்டார்.

மடத்தில் எல்லோரும் ஒரே பந்தி. முந்தைய குரு வகுத்த முறை அது. நிறம் பார்க்கக் கூடாது, பிறப்புப் பார்க்கக் கூடாது. மடத்தில் யார் முதலில் சேர்ந்தாரோ அவர் முதலில், அடுத்துச் சேர்ந்தவர் அடுத்து. நாடே வெட்டிக்கொண்டு செத்த பிறகு இப்படி ஒரு நியாயமான பந்தி வேறு எங்கே இருக்கிறது? மடத்தாருக்கு இதில் கொள்ளைப் பெருமை. விருந்தாளி வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள்.

பந்தியின் தலையில் குரு. அவருக்கு அடுத்து மூத்த சீடர்கள். அவர்களில், போர் மூண்டதுமே அரண்மனையை விட்டு வந்துவிட்ட நன்னன். சாத்தனுக்குக் கடைக்கோடியில் இடம். அவருக்குப் பின் சுவர்தான்.

அன்று பாயசம் அமிர்தமாக வாய்த்திருந்தது. கை கழுவும் கல்லருகே நன்னன் சாத்தனைப் பிடித்தார். வயிறு நிறைந்தால் அவருக்கு மனமும் இளகிவிடும்.

"என்ன சண்டை போட்டு என்ன ஓய்! கீரன் பாயசத்துக்கு முன்னால எல்லாம் தூசு. அந்த நெய்யில வறுத்த முந்திரி இருக்கே, வாய்க்கு வாய் வருது!"

சாத்தன் கை கழுவுவதை நிறுத்தினார்.

"எந்த முந்திரி?"

"பாயசத்து முந்திரிதான்."

"பாயசத்துல ஏது முந்திரி?"

சாத்தன் விளையாடுகிறார் என்று நினைத்து நன்னன் சிரித்தார். சாத்தன் சிரிக்கவில்லை.

"ஓய், நான் இந்த மடத்துல சேர்ந்த நாளா பாயசம் குடிக்கிறேன். ஒரு முந்திரி என் பல்லுல பட்டதில்ல."

"கவனிச்சுச் சாப்பிட்டிருக்க மாட்டீர்."

"முந்திரியையா? கவனிக்காமலா? நான் என்ன வைக்கோலா தின்னேன்?"

கை கழுவ வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் வாய் திறந்தார்கள். முந்திரி உண்டு என்று ஒருவர் சத்தியம் செய்தார். இல்லவே இல்லை என்று இன்னொருவர் கற்பூரம் அடிக்கத் தயாரானார். கொஞ்ச நேரத்தில் மடம் இரண்டாகப் பிளந்து நின்றது. போர்க்களத்தில்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டார்கள்.

சமையல்காரன் கீரனை இழுத்து வந்தார்கள். கீரன் ஆறடி ஆள். கோபம் வந்தால் அழுதுவிடும் சுபாவம்.

"என் பாயசத்துல முந்திரி இல்லேன்னு எவன் சொன்னது? கை கொள்ளாம அள்ளிப் போடுறேன்! நெய்யில வறுத்து, கடைசியா மேல கொட்டுறேன்!" என்றான். கண் கலங்கிவிட்டது.

"கேட்டீரா?" என்றார் நன்னன்.

சாத்தன் முகம் சுருங்கியது.

"அப்போ பொய் சொல்றது நான்தான்."

"பொய்யின்னு நான் சொல்லல. கவனிக்கலேன்னுதான் சொன்னேன்."

"அது அதைவிட மோசம் ஓய். போரைப் பத்திச் சொன்னா, நான் பாக்கலையேங்கிறீர். பாயசத்தைப் பத்திச் சொன்னா, நீ கவனிக்கலேங்கிறீர். என் நாக்குல என்ன பட்டுச்சுன்னு சொல்லக்கூட எனக்குப் பாத்தியதை இல்லையா?"

விறுவிறுவென்று அறைக்குள் போய்ச் சாத்தன் மூட்டை கட்டத் தொடங்கினார். எங்கே போகிறீர் என்று கேட்டதற்கு, "துறைக்கு. எங்க ஆளுங்க எங்க கல்லை நடட்டும், நான் கூட நின்னு குழி தோண்டுறேன்," என்றார்.

நன்னன் அறை வாசலில் நின்றார். சமாதானமாக ஏதாவது சொல்லலாம். ஆனால் முந்திரி இருந்ததே! தன் வாயால் மென்றதை இல்லை என்று எப்படிச் சொல்வது? அதேசமயம், சாத்தன் படியிறங்கிப் போய்விட்டால் மடத்தில் இத்தனை பேர் இருந்தும் தனக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியே நின்றார்.

குரு வந்தார்.

"சாத்தன், நாளைக்கும் பாயசம் வைக்கச் சொல்லியிருக்கேன். குடிச்சிட்டுப் போங்க."

"பௌர்ணமிதான் முடிஞ்சுதே அம்மா."

"எனக்கு ஆசையா இருக்கு. வைக்கக் கூடாதா?"

குரு ஆசைப்பட்டால் யார் மறுப்பது? சாத்தன் மூட்டையை மூலையில் வைத்தார். அவிழ்க்கவில்லை.

"இன்னொண்ணு," என்றார் குரு. "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இடம் மாத்தி உட்காருங்க."

நன்னன் திடுக்கிட்டார். "வரிசை என்ன ஆகும் அம்மா?"

"நாளைக்கு ஒரு நாள் வரிசைக்கு விடுமுறை."

மறுநாள் நன்னன் பந்தியின் கடைக்கோடியில் சுவரோரமாக உட்கார்ந்தார். முதலில் அவருக்குத் தோன்றியது, கீரன் வெகுதூரத்தில் இருக்கிறான் என்பது. இத்தனை நாள், நன்னன் உட்கார்ந்தவுடன் எதிரே வந்து நிற்பவன் அவன். இப்போது முதுகு மட்டும் தெரிந்தது. குழம்பு வரும்போது சோறு ஆறியிருந்தது. அப்பளம் நொறுங்கலாக வந்தது. கடைசியில் பாயசம் வந்தது. மெல்லிசாக, நல்ல இனிப்பாக இருந்தது. நன்னன் விரலால் இலை முழுக்கத் துழாவினார்.

"கீரா, இன்னைக்கு முந்திரி போட மறந்துட்டியா?"

"போட்டேனே!"

"அப்போ குறைச்சுப் போட்டிருப்பே."

கீரனின் உதடு துடித்தது. அழுதுவிடப் போகிறான் என்று பக்கத்திலிருந்தவர்கள் நன்னனை அடக்கினார்கள்.

பந்தியின் தலைப்பக்கம் சாத்தன் கண்களை மூடிக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஒன்றை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடேயப்பா, நிஜமாவே இருக்கு," என்றார்.

அன்று சாத்தன் புறப்படவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது என்றார். நன்னனுக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. ஆனால் முந்திரி விஷயத்தை விடவில்லை.

"கீரனுக்கு என் மேல ஏதோ கோபம் அம்மா," என்று குருவிடம் போய்ச் சொன்னார்.

"அப்படியா? நாளைக்கும் வைக்கச் சொல்றேன்."

இரண்டாம் நாளும் அதே கதை. கரண்டி சின்னதாகிவிட்டது, அதுதான் காரணம் என்றார் நன்னன். பிறகு யோசித்து, புதுப் பானையில் முந்திரி அடியில் ஒட்டிக்கொள்ளும் என்றார். மாலையில், இந்த வருடம் முந்திரி விளைச்சலே குறைவு என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். காரணங்களுக்கா பஞ்சம்? படித்தவர் அல்லவா, ஒன்றை எடுத்தால் கூடவே நான்கு வந்தன.

தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த சாத்தன் அன்று இலையை வழித்து நக்கிவிட்டு, பக்கத்து ஆளிடம், "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மூன்றாம் நாள் பாயசம் பரிமாறியாயிற்று. நன்னன் கடைக்கோடியிலிருந்து பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றார்.

"இங்கே ஒரு முந்திரிகூட வரலை!" என்று கத்தினார்.

சாத்தன் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"கவனிச்சுச் சாப்பிடும் ஓய்," என்றார்.

பந்தி முழுவதும் அவர் பக்கம் திரும்பியது.

சாத்தனின் வாய் பாதி மெல்லலில் நின்றது. தான் சொன்னது அவர் காதிலேயே இப்போதுதான் விழுந்ததுபோல் இருந்தது. நன்னனைப் பார்த்தார். நன்னன் அவரைப் பார்த்தார். முதலில் சிரித்தது யார் என்று பிறகு கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாத்தனுக்குப் புரையேறி, கீரன் ஓடிவந்து தலையில் தட்ட வேண்டியிருந்தது.

"மூணே நாள் ஓய்!" என்றார் சாத்தன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணே நாள்ல எனக்கு இப்படி வாய் வந்துருச்சு. உம்மைச் சொல்லி என்ன பிரயோசனம்? நீர் பிறந்ததே அங்கேதானே!"

நன்னனும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் உட்காரவில்லை. நின்றதால் பந்தி முழுவதும் இப்போது ஒரே பார்வையில் தெரிந்தது. தனக்குப் பக்கத்தில் இருந்தவர் கரியர். அவருக்கு அடுத்தவரும் கரியர். அடுத்தவரும். முதல் செவலரைக் காண நன்னன் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீர் மடத்துல எப்போ சேர்ந்தீர்?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார்.

"போர் முடிஞ்ச பிறகு."

"அதுக்கு முன்னாடியே வந்திருக்கலாமே?"

அந்த ஆள் அவரை விநோதமாகப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி எங்களை எங்கே மலையேற விட்டாங்க?"

நன்னன் உட்கார்ந்துவிட்டார். கீரனைச் சைகை காட்டி அழைத்தார்.

"கீரா, முந்திரியை மேல கொட்டின பிறகு நீ கிண்டமாட்டியா?"

"கிண்டினா நமுத்துப்போகும் ஐயா. அப்படியே மேலாக அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டு வருவேன்." கீரன் பந்தியின் தலையைப் பார்த்தான், கடைக்கோடியைப் பார்த்தான், கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. இந்தமுறை யாரும் தடுக்க முடியவில்லை, அழுதேவிட்டான்.

அன்று பிற்பகல் நன்னன் சாத்தனைத் தேடிப் போனார். சாத்தன் மாட்டுக்கொட்டகையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நன்னன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஓய், இத்தனை வருஷத்துல நான் உம்மை ஒரு விஷயம் கேட்டதே இல்ல. துறையில நீர் காத்திருந்த கதையைச் சொல்லும்."

"எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்போ எதுக்கு?"

"எனக்குத் தெரியாது. அதனால கேக்கிறேன்."

சாத்தன் கயிற்றை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

"ஆணை வந்த மறுமாசம். தை மாசம். என் வீட்டுக்காரிக்குக் காய்ச்சல். அக்கரை வைத்தியர்கிட்ட காட்டலாம்னு கட்டிலோட தூக்கிட்டு விடியும் முன்னாடியே துறைக்கு வந்துட்டோம். அன்னைக்கு அக்கரையில ஏதோ பெரிய இடத்துக் கல்யாணம். உங்க ஆளுங்க ஓடம் ஓடமாப் போய்க்கிட்டே இருந்தாங்க. மேளமும் பாட்டுமா ஒரே சந்தோஷம். அவ அந்த நிலைமையிலயும் பாட்டைக் கேட்டு, நல்லா இருக்குன்னா. மத்தியானம் ஆச்சு. ஓடக்காரன் கயித்தைக் கட்டிட்டான். நாங்க கட்டிலைத் திருப்பித் தூக்கிட்டு வந்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ அந்த வாரம் தாண்டல."

நன்னன் பிடித்திருந்த முனை நழுவியது. கயிறு முறுக்கு விட்டுச் சுழன்றது. சாத்தன் அதை மறுபடி எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அது பொக்கிஷக்காரர் வீட்டுக் கல்யாணம்," என்றார் நன்னன். "நானும் போனேன் ஓய். ஓடத்துல பாடினது நான்."

சாத்தன் கயிற்றை முனைவரை முறுக்கி முடித்தார். மாடு ஒன்று காதை ஆட்டிக்கொண்டது.

"நல்லாத்தான் பாடினீர்," என்றார் கடைசியில்.

நன்னன் வாய்விட்டு அழுதார். சாத்தன் அவரை அழவிட்டார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து அவரிடம் வீசினார். "மூக்கைச் சிந்திட்டுத் துவைச்சுக் குடும்," என்றார்.

பொழுது சாய்வதற்குள் இருவரும் கல்லுக்கான வரியை எழுதி முடித்தார்கள். 'ஆற்றை முதலில் கடக்கும் பாத்தியதை பிறந்த நிறத்துக்கு இருந்தது. ஓடம் பாதி நாளில் நின்றபோது, ஒரு நிறத்தார் கரையிலேயே நின்றுபோனார்கள். அதனால் போர் வந்தது.' இரண்டு வரிதான் கேட்டிருந்தார்கள். கொஞ்சம் நீண்டுவிட்டது. கல் தச்சன் திட்டுவான், திட்டட்டும் என்றார் சாத்தன்.

சாத்தன் மூட்டையையும் அவிழ்த்தார். உள்ளே நன்னனின் போர்வை இருந்தது.

"இது எப்படி ஓய் உம்ம மூட்டைக்குள்ள வந்துச்சு?"

"கோபத்துல கட்டினேன். கவனிக்கலை," என்றார் சாத்தன்.

பந்தி விவகாரம் அத்தனை சுலபமாகத் தீரவில்லை. மடம் முழுவதும் கூடி மூன்று நாழிகை பேசியது. கிண்டிவிடலாம் என்றார்கள் சிலர். நமுத்த முந்திரிக்கு முந்திரியே இல்லாமல் இருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் எங்கே தொடங்குவது என்பதைக் கீரனிடமே விட்டார்கள். அவன் ஒருநாள் தலையிலிருந்து தொடங்குகிறான், ஒருநாள் கடைக்கோடியிலிருந்து. சில நாள் நடுவிலிருந்து தொடங்குவான். அன்று இரண்டு முனைகளும் ஒற்றுமையாகச் சேர்ந்து அவனைத் திட்டுகின்றன.

கல் நடும் நாள் வந்தது. புறப்படும் முன் நன்னன் குருவைப் பார்க்கப் போனார். குரு வாசலில் செருப்பு வாரை முடிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பந்தி விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? கீரன் முதல்ல எனக்குத்தானே ஊத்துறான். எனக்கு முந்திரி குமிஞ்சு கிடக்கும்." குரு சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் கத்தினப்போதான் எனக்கும் சந்தேகம் வந்துச்சு."

நன்னனுக்குச் சிரிப்பு வரவில்லை. வரி எழுதிய ஓலையை இறுகப் பிடித்திருந்தார். துறையில் அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருப்பார்கள். அண்ணன் மக்கள், மைத்துனர்கள், அரண்மனையில் கூட வேலை பார்த்தவர்கள்.

"அம்மா, எங்க ஆளுங்க என்னைச் சும்மா விடமாட்டாங்க. இதை நீயா எழுதினேன்னு கேப்பாங்க. நானும் அவங்களும் ஒண்ணாத்தான் அந்த ஆத்தைக் கடந்தோம். 'வாழ்நாள் பூரா அந்தத் துறையில போய் வந்தியே, இப்படி ஒண்ணை நீ உன் கண்ணால பாத்தியா?'ன்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

குரு வாரை இழுத்துச் சரிபார்த்துவிட்டு எழுந்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க. 'பாக்கல, நான் ஓடத்துல இருந்தேன்'னு சொல்லுங்க."